பாலித்தீவுக் கடற்கரையும் அங்குள்ள பெண்களும்



கரையோரக் கிராமங்களின் மாதர் சங்கக் கூட்டங்களுக்குப் போகும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும். "இந்த வெள்ளைக்காரச் சனம் இவ்வளவு காசு செலவழிச்சு வந்து வெயிலுக்குள்ள கிடக்குதுகளே, அதில என்ன சுகம் தங்கச்சி?" என்று சிரித்துக்கொண்டு கேட்பார்கள். சிரிப்பு அடங்கியதும் யாராவது ஒரு தாய் மெல்லிய குரலில் அடுத்ததைக் கேட்பார். "ஹோட்டலில வேலை இருக்காம். பிள்ளையை அனுப்பலாமா?"

2009க்குப் பின்னர் பாசிக்குடாவிலும் நிலாவெளியிலும் விடுதிகள் எழும்பியதிலிருந்து இந்த இரண்டாவது கேள்வி கூடிக்கொண்டே வருகிறது. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. உல்லாசப் பயணிகளை நம்பியே பல பத்தாண்டுகளாகச் சீவிக்கும் ஒரு தீவில் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தால் ஏதாவது விளங்கும் என எண்ணியிருந்தேன். கடந்த ஆண்டு அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. பெண்தலைமைத்துவக் குடும்பங்கள் பற்றிய நான்கு நாள் செயலமர்வு ஒன்று இந்தோனேசியாவின் பாலித்தீவில் நடந்தது. செயலமர்வு முடிந்தபின் எங்களில் மூன்று பேர் சொந்தச் செலவில் மேலும் மூன்று நாட்கள் தங்கினோம். செயலமர்வுக்கு வந்திருந்த பாலிப் பெண் ஒருவர் எங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்தார். ஆங்கிலமும் தெரிந்தவர், பொறுமைசாலி. அவர் இல்லாவிட்டால் நாங்களும் மற்றப் பயணிகளைப் போலப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம்.

பாலி நமது வட மாகாணத்தை விடச் சிறியது. ஏறத்தாழ 5,780 சதுர கிலோமீற்றர். ஆனால் சனத்தொகை 43 இலட்சத்துக்கு மேல். மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே எவ்வளவு தூரமோ, பாலி தெற்கே கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். அதனால் தென்னையும் வாழையும் வயலும் ஈரக்காற்றும் நமக்குப் புதிதல்ல. முஸ்லிம்கள் பெரும்பான்மையான நாட்டில் இந்த ஒரு தீவில் மட்டும் பெரும்பாலோர் இந்துக்கள். காலையில் ஒவ்வொரு கடை வாசலிலும் தென்னோலையால் பின்னிய சின்னஞ்சிறு தட்டில் பூவும் சோறும் வைத்து ஊதுபத்தி கொளுத்தியிருக்கும். அந்தப் பூக்களில் நாம் ஈழத்தலரி என்று சொல்லும் பூவும் இருந்தது. எங்களுடன் வந்த வன்னிச் சகோதரி அதைக் கண்டதும் குனிந்து எடுக்கப் போய், படையல் என்று தெரிந்து கையை இழுத்துக்கொண்டார்.

இந்தத் தட்டுகளைப் பின்னுவதும் படைப்பதும் பெண்களின் வேலை. ஒரு வீட்டில் நாளொன்றுக்குப் பல தட்டுகள் வேண்டும். திருவிழா நாளென்றால் கணக்கே இல்லை. ஹோட்டலில் வேலை செய்யும் பெண் விடிய முன் எழும்பி இதை முடித்துவிட்டே வேலைக்குப் போகிறாள். கோயில் கிரியைகளுக்கு ஊரார் எல்லோரும் போயே ஆகவேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு. அடிக்கடி லீவு கேட்பார்கள் என்பதற்காகவே சில முதலாளிமார் பாலிப் பெண்களை விட்டு வேறு தீவுகளிலிருந்து வருபவர்களைச் சேர்க்கிறார்கள் என்று எங்கள் தோழி சொன்னார். பயணிகள் ஆசையோடு படம் எடுக்கும் அதே சடங்குதான் அதைச் செய்கிறவளின் வேலைக்கு இடைஞ்சலாகிறது. நேரம் இல்லாதவர்கள் இப்போது சந்தையில் தட்டுகளை வாங்கிக்கொள்கிறார்கள். பின்னி விற்பதும் வயதான பெண்களுக்கு ஒரு வருமானமாகிவிட்டது.

பயணிகள் என்ன செய்ய வருகிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்குக் கரையில் குட்டா, லெகியன், செமின்யாக் என்று தொடர்ந்து நீளும் மணற்கரை. அங்கே அலைச்சறுக்கும் சூரிய அஸ்தமனமும் இரவு விடுதிகளும். நீரோட்டம் இழுக்கும் கடல் என்பதால் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டுமே குளிக்கச் சொல்கிறார்கள். மலைப்பக்கம் பத்தூர் என்ற எரிமலை, உயரம் 1,717 மீற்றர். சூரிய உதயம் பார்ப்பதற்காகச் சாமத்தில் எழும்பி டோர்ச் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். உபுட்டில் வயல் வரப்புகளில் நடக்கிறார்கள், ஆற்றில் றப்பர் படகு விடுகிறார்கள். தெற்கே உலுவாத்து என்ற செங்குத்துப் பாறைக் கோயிலில் மாலைதோறும் ஆண்கள் வட்டமாக அமர்ந்து 'சக், சக்' என்று குரலெழுப்பி இராமாயணம் ஆடுகிறார்கள். அனுமனைச் சுற்றி நெருப்பு எரிகிறது, சபை கைதட்டுகிறது. இலங்கையிலிருந்து வந்த எங்களுக்கு அதைப் பார்த்துக் கைதட்டுவதா விடுவதா என்று சற்றுச் சங்கடம்தான்.

குட்டாக் கடற்கரையில் நான் அதிக நேரம் இருந்தது மசாஜ் செய்யும் பெண்களோடு. பனையோலைத் தொப்பி போட்டு, எண்ணெய்ப் போத்தலோடு நிழலில் அமர்ந்திருப்பார்கள். சிலர் நகம் வெட்டிச் சாயம் பூசுவார்கள், சிலர் தலைமயிரைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னிவிடுவார்கள், சிலர் சாரம் விற்பார்கள். பலர் நடுத்தர வயது தாண்டியவர்கள். அவர்களில் ஒருவர் இருபது வருடத்துக்கு மேலாக அதே இடத்தில் இருக்கிறார். கணவர் இறந்துவிட்டார், இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தது இந்தக் கைகள்தான் என்று எண்ணெய்க் கையை விரித்துக் காட்டினார். ஹோட்டலுக்குள்ளே இதே வேலைக்குப் பல மடங்கு காசு வாங்குகிறார்களாம், அதில் வேலை செய்யும் பெண்ணுக்குப் போவது எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அங்கே வயது போனவர்களை எடுப்பதில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

கரையிலிருந்து சற்று உள்ளே லெகியன் வீதி. பாலியின் இரவு வாழ்க்கை என்றால் முதலில் சொல்லப்படுவது இந்த வீதிதான். 2002 ஒக்டோபர் 12ஆம் திகதி இரவு இங்கேதான் இரண்டு கேளிக்கை விடுதிகளில் குண்டுகள் வெடித்தன. 202 பேர் இறந்தார்கள். அவர்களில் 88 பேர் அவுஸ்திரேலியர், 38 பேர் இந்தோனேசியர். அவ்விரண்டில் பெரிய விடுதியான சாரி கிளப்பில் உள்ளூர்க்காரர்களை வாடிக்கையாளராகச் சேர்ப்பதில்லை என்பது ஊரறிந்த விடயம். அப்படியானால் இறந்த உள்ளூர்க்காரர்கள் யார்? பரிமாறுபவர்கள், வாசலில் நின்ற வாடகை வாகனச் சாரதிகள், பக்கத்துக் கடைக்காரர்கள், வீதியால் போனவர்கள். ஆடுவதற்கு வந்தவர்களும் அவர்களுக்காக உழைக்க வந்தவர்களும் ஒன்றாகவே எரிந்தார்கள். வீதியோரம் கட்டப்பட்டுள்ள நினைவுச் சுவரில் எல்லாப் பெயர்களும் நாடுவாரியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நாங்கள் போனபோது இளைஞர் சிலர் அதன் முன் நின்று கைத்தொலைபேசியில் படம் எடுத்துவிட்டு அடுத்த விடுதிக்குள் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல என் மனம் இடங்கொடுக்கவில்லை. அவர்களில் பலர் அந்த ஆண்டில் பிறந்திருக்கவே மாட்டார்கள்.

நான் யோசித்தது அந்த 38 பேரின் மனைவிமாரைப் பற்றி. உடலை அடையாளம் காண மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். உழைத்தவர் போய்விட்டார், உழைத்த இடமும் போய்விட்டது. குண்டுக்குப் பயந்து பயணிகள் வராததால் வேறு வேலையும் இல்லை. பிறகு விதவைகள் சிலர் ஒன்றுசேர்ந்து தையல் தொழில் தொடங்கியதாகவும் பிள்ளைகளின் படிப்புக்கு வெளிநாட்டு உதவிகள் கிடைத்ததாகவும் தோழி சொன்னார். தையல் மெசின் என்றதும் எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோபிக்க வேண்டாம். உலகத்தில் எங்கே பெண்ணுக்கு இடி விழுந்தாலும் முதலில் வந்து சேருவது தையல் மெசின்தானே! மூன்று வருடம் கழித்து, 2005 ஒக்டோபர் முதலாம் திகதி மறுபடியும் குண்டுகள் வெடித்தன. சற்று நிமிர்ந்தவர்கள் மீண்டும் குனிந்தார்கள்.

இரவு விடுதிகளைப் பற்றி இன்னொரு விடயமும் சொல்ல வேண்டும். 2009இல் பாலியில் கலப்படச் சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில வெளிநாட்டவர்களும் இறந்ததால் உலகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. இறந்தவர்களில் பெரும்பான்மை உள்ளூர் ஆண்கள். கசிப்பினால் அழிந்த வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் பாலியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கிளிபர்ட் கியர்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் அங்குள்ள சேவற்சண்டை பற்றி எழுதிய கட்டுரைதான். பரீட்சைக்காக அதைப் பாடமாக்கினோம். அக்கட்டுரையின் கடைசி அடிக்குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது. 1965 டிசம்பரில் பாலியில் பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள் என்பதே அது. கட்டுரை முழுவதும் சேவல், சாவு அடிக்குறிப்பில்.

அந்தக் கொலைகளில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்ததாக, அதாவது தீவின் நூறு பேரில் ஐந்து பேர் அளவில் இறந்ததாக, வரலாற்றாய்வாளர் மதிப்பிடுகிறார்கள். கம்யூனிஸ்ட் என்று பெயர் வைக்கப்பட்டவர்களை இராணுவமும் அதன் துணைக்குழுக்களும் ஊரவர்களைக் கொண்டே கொன்றன. உடல்கள் பல இடங்களில் கடற்கரை மணலில் புதைக்கப்பட்டன. பின்னர் அந்தக் கரைகளில் சிலவற்றின்மேல் விடுதிகள் எழுந்தன. கணவன்மாரை இழந்த பெண்கள் வாய் திறக்க முடியாமல் இருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்காதபடி விதிகள் இருந்தன. கொன்றவரும் இழந்தவரும் ஒரே ஊரில், ஒரே கோயிலில். 2015இல் கூட உபுட்டில் நடந்த எழுத்தாளர் விழாவில் இதைப் பற்றிக் கதைக்கவிருந்த அமர்வுகள் அதிகாரிகளின் அழுத்தத்தால் கைவிடப்பட்டன. 2023 சனவரியில்தான் அன்றைய ஜனாதிபதி ஜோக்கோ விடோடோ 1965-66 கொலைகளையும் சேர்த்துப் பன்னிரண்டு சம்பவங்களைப் பாரிய மனித உரிமை மீறல்கள் என ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். டென்பசார் நகரில் ஒரு குடும்பம் மட்டும் 2005இலேயே தன் வீட்டு வளவில் 'தாமான் 65' என்று ஒரு நினைவுத் தோட்டம் அமைத்திருக்கிறது. தமது வீட்டிலேயே இழப்பு இருந்தபடியால் அவர்கள் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இதை வாசிக்கும் உங்களுக்கு நான் வேறெதுவும் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் சனூர் கடற்கரைக்குப் போனோம். அது கிழக்குப் பக்கம். பவளப்பாறை அலையைத் தடுப்பதால் குளம்போல அமைதியான கடல். பயணிகளை விட உள்ளூர்க் குடும்பங்களே அங்கு அதிகம். பாட்டிமார் உடுத்த உடுப்போடு தண்ணீரில் இறங்கி இருந்துகொண்டு கதைக்கிறார்கள். குழந்தைகள் சுற்றிவர நீந்துகின்றன. எங்கள் வன்னிச் சகோதரி 2004 டிசம்பருக்குப் பிறகு கடலில் கால் வைத்ததில்லை. அவர் யாரை இழந்தார் என்பதை இங்கு எழுத அவர் விரும்பவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஈரமணலில் நின்றார். பிறகு கணுக்கால் அளவுக்கு இறங்கினார். ஒரு பாட்டி அவரைப் பார்த்து ஏதோ சொல்லித் தனக்குப் பக்கத்தில் தண்ணீரைத் தட்டிக் காட்டினார். பாய் விரித்துக் கொடுப்பது போல. இவர் போய் அமர்ந்துவிட்டார். ஒரு மணித்தியாலம் ஆகியும் எழும்பவில்லை. வெள்ளைக்காரச் சனத்துக்கு அதில் என்ன சுகம் என்ற கேள்விக்கு அன்று எனக்குப் பாதி விடை கிடைத்தது. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த நம் பெண்களில் எத்தனை பேர் சும்மா இருப்பதற்காகக் கடற்கரைக்குப் போயிருப்பார்கள்? மீன் வாங்க, விறகு பொறுக்க, பிரேதத்தைத் தேட என்று ஒரு காரணம் இருந்தால்தான் போவோம். ஓய்வு பணக்காரர் வாங்கும் பொருள் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம் போலிருக்கிறது.

சனூரிலிருந்து வாகனத்தில் மூன்று மணித்தியாலம் அளவில் போனால் வடகிழக்குக் கரையில் துலம்பென் என்ற கிராமம். மணல் இல்லை, முழுவதும் உருண்டைக் கருங்கற்கள். அங்கே கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. 'லிபேர்ட்டி' என்ற அந்த அமெரிக்கச் சரக்குக் கப்பலை 1942 சனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. இழுத்து வந்து கரையில் ஏற்றிவிட்டார்கள். 1963இல் அகுங் எரிமலை வெடித்து ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்த காலத்தில், நிலம் அதிர்ந்து கப்பல் கடலுக்குள் சரிந்தது. இப்போது அதைப் பார்க்கச் சுழியோடிகள் உலகெங்குமிருந்து வருகிறார்கள். இதே ஜப்பானியப் படைதான் மூன்று மாதம் கழித்து, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தது. அதுவும் இன்று சுழியோடிகள் தேடி வரும் இடம்தான். ஆழம் அதிகம் என்பதால் தேர்ந்தவர்களே போகிறார்கள்.

துலம்பெனில் நான் பார்த்தது கப்பலை அல்ல. சுழியோடிகளின் காற்றுச் சிலிண்டர்களைச் சுமக்கும் பெண்களைப் பார்த்தேன். ஒரு சிலிண்டர் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் சிலிண்டரைக் கிடத்திக்கொண்டு அந்த உருளும் கற்களின்மேல் வெறும் றப்பர் செருப்போடு நடக்கிறார்கள். சிலர் இரண்டை அடுக்கிக்கொண்டு போகிறார்கள், கையால் பிடிப்பதுகூட இல்லை. பின்னால் வரும் ஆறடி உயரச் சுழியோடி வெறுங்கையோடு தடுமாறுகிறார். முன்பு சும்மா வந்து சுமந்தார்களாம். இப்போது கிராமத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து முறை வைத்துச் சுமக்கிறார்கள். இன்று யாருடைய முறை, எத்தனை சிலிண்டர் என்று கணக்கு எழுதுகிறவரும் ஒரு பெண்தான். அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். எங்கள் சிக்கனக் குழுக்களின் கொப்பி மாதிரியே கோடு போட்டு அழகாக எழுதியிருந்தார்கள். கழுத்து வலிக்காதா என்று கேட்டதற்கு, வலிக்கும், ஆனால் மீன் வராத நாளிலும் பயணி வருவான் என்று ஒருவர் சொன்னார்.

பயணி வராத நாளும் வந்தது. 2019இல் பாலிக்கு 60 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டவர் வந்தார்கள். 2021 முழுவதும் வந்தவர்கள் நூறு பேர் கூட இல்லை. தட்டச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள், கொரோனாக் காலத்தின் உண்மைக் கணக்கு அது. 2020இல் அத்தீவின் பொருளாதாரம் ஒன்பது வீதத்துக்கு மேல் சுருங்கியது. ஹோட்டல் வேலைக்காரர் ஊருக்குத் திரும்பினார்கள். காணி வைத்திருந்தவர்கள் மரவள்ளி நட்டார்கள். சனூரிலிருந்து படகில் அரை மணி நேரத்தில் போகக்கூடிய லெம்பொங்கான் என்ற சிறு தீவில் முன்பு கடற்பாசி வளர்த்தவர்கள், பயணிகள் பெருகியதும் அதைக் கைவிட்டிருந்தார்கள். 2020இல் அவர்களில் பலர் பழைய கயிறுகளைத் தேடி எடுத்துக்கொண்டு மீண்டும் கடலுக்குள் இறங்கினார்கள். கயிற்றில் பாசித் துண்டுகளைக் கட்டி, ஆழமற்ற கடலில் நட்டு, ஒன்றரை மாதத்துக்குள் அறுத்துக் காயவைத்து விற்பது. கட்டுவதும் காயவைப்பதும் பெரும்பாலும் பெண்கள். நமது வடக்கின் கரையோரக் கிராமங்கள் சிலவற்றிலும் பெண்கள் இதைச் செய்கிறார்கள் அல்லவா? நாங்கள் போனபோது லெம்பொங்கானில் ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு பக்கம் பயணிகளுக்கான இரண்டு அறைகளும், மறு பக்கம் தார்ப்பாயில் பாசியும் காய்ந்துகொண்டிருந்தன. பாசி மணக்கிறது என்று பயணிகள் முறைப்பாடு செய்வதில்லையா என்று கேட்டேன். செய்வார்கள்தான், ஆனால் இனி எதையும் முற்றாக விடமாட்டோம் என்றார் வீட்டுக்காரி.

அவரிடம் ஒரு வசதி இருந்தது. அந்த வளவு அவரது கணவர் குடும்பத்தினுடையது, கணவர் உயிரோடு இருக்கிறார். இப்படி ஏன் சொல்கிறேன் என்றால், பாலி வழக்கத்தில் காணி ஆண்வழியே போகிறது. பெண் கல்யாணம் கட்டினால் கணவன் வீட்டுக்குரியவள். பிரிந்தால் பிள்ளைகளும் கணவன் பக்கமே. தெற்கே புக்கிட் என்ற மேட்டுப் பகுதி முன்பு ஒன்றும் விளையாத சுண்ணாம்புக்கல் பூமி. அங்கே விடுதிகள் வந்ததும் காணி விலை எங்கோ போய்விட்டது. விற்றவர்களும் குத்தகைக்குக் கொடுத்தவர்களும் ஆண்கள், கையொப்பம் அவர்களுடையது. 2010இல் பாலியின் மரபுக் கிராமங்களின் தலைமைப் பேரவை ஒரு தீர்மானம் எடுத்தது. பெற்றோர் உழைத்துத் தேடிய சொத்தில் மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கும் உண்டு என்பது அது. பாதிதான். அதுவும் எல்லா ஊரிலும் நடைமுறைக்கு வரவில்லை என்று தோழி பெருமூச்சு விட்டார்.

மட்டக்களப்புப் பக்கம் வீடு மகளுக்கு என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆனால் சுனாமிக்குப் பிறகு வீடுகள் கட்டிக் கொடுத்தபோது 'குடும்பத் தலைவர்' என்று ஆண்களின் பெயருக்கே பல வீடுகள் எழுதப்பட்டதையும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. உறுதி யார் பெயரில் என்பதை இன்னும் பார்க்காதவர்கள் பிரதேச செயலகத்தில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். உங்கள் கரைக்கும் ஒருநாள் விடுதிக்காரர் வருவார். அப்போது காணி உங்கள் பெயரில் இருந்தால்தான் உங்களோடு கதைப்பார்.

பாலியில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று ஊர்க் கடன் நிறுவனம். 1980களின் நடுப்பகுதியிலிருந்து மரபுக் கிராமங்கள் தமக்கென்று சொந்தமாக நடத்துகின்றன. ஊர்ச்சனத்தின் சேமிப்பு ஊர்ச்சனத்துக்கே கடனாகப் போகிறது, இலாபத்தில் ஒரு பங்கு ஊருக்கு. சிலவற்றில் நிர்வாகிகள் காசைக் கையாடி வழக்குக்குப் போனதும் உண்டு. அதனால் அதைப் பொன்னென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்று பெண்ணைத் தலைகுனிய வைக்கும் நுண்கடன் கம்பனிகளைப் பார்த்த கண்ணுக்கு, கடனைக் கேட்க வருகிறவரும் பக்கத்து வீட்டுக்காரர் என்பது ஆறுதலாக இருந்தது.

இனிப் பிள்ளையை அனுப்பலாமா என்ற கேள்வி. அனுப்புங்கள் என்றே என் எண்ணம். படித்து, மொழி பழகி, சொந்தக் காலில் நிற்கும் பெண்களை அங்கே நிறையப் பார்த்தேன். ஆனால் வேலைக்குச் சேருமுன் நியமனக் கடிதம் எழுத்தில் கிடைக்கிறதா, ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா, பில்லில் அறவிடும் சேவைக் கட்டணத்தில் பங்கு உண்டா, இரவு வேலை முடிந்தால் வீட்டு வாசல் வரை வாகனம் வருமா, பிள்ளைக்கு ஏதும் தொந்தரவு நடந்தால் முறையிடப் பொறுப்பான பெண் அதிகாரி இருக்கிறாரா என்று தாயாரே நேரில் போய்க் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். பதில் சொல்ல வெட்கப்படும் இடமானால் திரும்பி வாருங்கள். ஹோட்டல் சம்பளம் வருகிறது என்று வீட்டிலுள்ள கோழியையும் தோட்டத்தையும் தையலையும் விட்டுவிடவும் வேண்டாம்.

2024 பெப்ரவரியிலிருந்து பாலிக்கு வரும் ஒவ்வொரு வெளிநாட்டவரும் 150,000 ரூபியா கட்டவேண்டும். எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஏறத்தாழ பத்து அமெரிக்க டொலர்தான். தீவின் பண்பாட்டையும் சுற்றாடலையும் பாதுகாக்க என்று வாங்குகிறார்கள். ஆனால் அதைவிடப் பெரிய கட்டணம் ஒன்றைப் பாலிக்காரர் வருடத்தில் ஒருநாள் அறவிடுகிறார்கள். அதன் பெயர் 'ஞெப்பி'. பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும் அவர்களது புத்தாண்டு. அன்று காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் ஆறு மணி வரை நெருப்பு மூட்டக்கூடாது, விளக்குப் போடக்கூடாது, வேலை செய்யக்கூடாது, வெளியே நடமாடக்கூடாது, கேளிக்கை கூடாது. விமான நிலையமே மூடப்படுகிறது. 2018இலிருந்து கைத்தொலைபேசி இணையத்தையும் நிறுத்துகிறார்கள். எத்தனை நட்சத்திர ஹோட்டலானாலும் பயணி உள்ளேதான் இருக்கவேண்டும். கடற்கரையில் ஒரு கால் கூடப் படக்கூடாது. கட்டம் போட்ட சாரம் கட்டிய ஊர்க் காவலர் ஒழுங்கைகளில் சுற்றி வருவார்கள்.

ஒருநாள் வியாபாரம் போவது கஷ்டமில்லையா என்று அந்த மசாஜ் பெண்ணிடம் தோழி மூலம் கேட்டேன். அவர் சிரித்தார். அன்று பின்னேரம் வரை படுத்து நித்திரை கொள்வாராம். இரவில் தீவு முழுவதும் இருட்டாக இருப்பதால் குட்டாவிலும் நட்சத்திரங்கள் தெரியுமாம். மறுநாள் உறவினர் வீடுகளுக்குப் போய் நடந்த பிழைகளுக்கு ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, எண்ணெய்ப் போத்தலை வீட்டில் வைத்துவிட்டு, கடலில் குளிக்கப் போவாராம்.